மஞ்சள் பூசிய மரை

சம்பத் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. டீயை நின்றபடி குடிப்பான். மத்தியானச் சோற்றைத் தட்டோடு கையில் ஏந்திக்கொண்டு ஷெட்டுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே தின்பான். வண்டிக்கு அடியில் படுத்தால்தான் அவன் உடம்பு ஓரிடத்தில் கிடக்கும். அப்போதும் வெளியே நீட்டிய கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்தக் காலைப் பார்த்தே உள்ளே இருப்பது யார் என்று எங்கள் ரேணிகுண்டா ரோட்டில் எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

அவன் ஷெட்டை ஒட்டினாற்போல என் லேத்துப் பட்டறை. என் பெயர் முனிகிருஷ்ணன். அவனைவிட நாலைந்து வயது மூத்தவன் என்பதால் அண்ணா என்று கூப்பிடுவான். வாய் நிறைய அண்ணா என்று சொல்லிவிட்டு, நான் சொன்னதில் ஒன்றையும் கேட்கமாட்டான். இத்தனை வருஷம் அவன் பக்கத்தில் குப்பை கொட்டிய உரிமையில் இதை எழுதுகிறேன். இடையிடையே என் எரிச்சல் தெரிந்தால் தெரியட்டும்.

நகரிக்குப் பக்கத்தில் ஓர் எல்லைக் கிராமம் அவன் ஊர். நாலு வயல் தாண்டினால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, இரண்டையும்விட அவனுக்குப் பிடித்தது மணி அடிக்கிற நேரம். அப்பா பாலையாவுக்கு நிலம் கிடையாது, கரும்பு வெட்டக் கூலிக்குப் போவார். மகன் ஏதாவது ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டால் போதும் என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதல். மகனோ காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன். நகரியில் விசைத்தறி, மெட்ராஸ் பாடியில் லாரிப் பட்டறை, பெங்களூரில் பஸ் கட்டுகிற இடம், சித்தூரில் மாம்பழக் கூழ் பாக்டரி வேன் என்று சுற்றினான். எங்கேயும் அவனை யாரும் விரட்டவில்லை. வேலை கைக்கு வந்தவுடன் அவனுக்கு உடம்பு அரிக்க ஆரம்பித்துவிடும், அவ்வளவுதான்.

தேன்மொழியைக் கட்டிக்கொண்ட பிறகு திருப்பதியில் ஷெட் போட்டான். கால்கட்டுப் போட்டாகிவிட்டது என்று பாலையா நிம்மதியாகக் கண்ணை மூடினார். கட்டுப் போட்ட கால் ஆடியதை அவர் பார்க்கவில்லை. தேன்மொழி பார்த்தாள்.

“ஊர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு மரை கழண்டுகினு இருக்கும்ணா,” என்று என்னிடம் சொல்வாள். “எங்க மாமாவுக்கு மரையே வெக்காம அனுப்பிட்டான் அந்த ஏழுமலையான்.”

அது எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த காலம். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் ஐதராபாத் போய், அங்கிருந்து அமெரிக்கா போனார்கள். படிக்காதவர்கள் குவைத் போனார்கள். குவைத் போனவன் வீட்டு மாடிக்கு ரோஸ் கலர் பெயிண்ட் அடித்தால், அடுத்த வாரமே அதே தெருவில் இன்னொருவன் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டான். மலைப்பாதையில் பழைய வண்டிகள் போய் சுமோக்கள் ஏறத் தொடங்கியிருந்தன. சம்பத் ரோட்டில் நின்று போகிற வண்டிகளைப் பார்ப்பான். பஸ் ஹாரன் கேட்டால் அவன் கை ஸ்பேனரோடு நின்றுவிடும்.

“எல்லாரும் போய்க்கினு கீறாங்கண்ணா. நான் மட்டும் இன்னா, இங்கியே துருப்புடிச்சிக் கெடக்கணுமா?” என்பான்.

மெட்ராஸ் ஏஜெண்ட் ஒருவர் மூலம் கடைசியில் அவனுக்கும் விசா வந்தது. குவைத்தில் ஒரு கேரேஜில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெட்ராஸிலிருந்து விமானம். டிக்கெட் ஏஜெண்டின் கையில். அன்று மத்தியானத்துக்குள் அவர் ஆபீசில் போய் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அந்த இடத்தில் வேறொருவனை ஏற்றிவிடுவார், வரிசையில் அத்தனை பேர் காத்திருந்தார்கள். சம்பத்துக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இதை விட்டால் அவனுக்கு இன்னொன்று வராது என்று எனக்கும் தெரியும், அவனுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

தேன்மொழிக்கு இஷ்டமில்லை. “புடிக்கலண்ணா. ஆனா புடிச்சி உக்கார வெச்சா இதுக்கு இங்கியே பைத்தியம் புடிச்சிடும்,” என்றாள். சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டின் நாலு மூலையிலும் மஞ்சளைக் குழைத்து வைத்தாள். விசா தாளுக்கும் வைத்தாள். எங்கள் பக்கத்தில் புதிதாக எது வந்தாலும், துணியோ, புத்தகமோ, மிக்சியோ, மஞ்சள் படாமல் புழக்கத்துக்கு வராது.

இந்த நேரத்தில்தான், முன்பு டாக்சித் தொழில் நடத்திய ஜெயச்சந்திரன் முதலாளியின் டாட்ஜ் கார் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஐம்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி. ஒரு காலத்தில் திருமலைக்கு டாக்சியாக ஏறி இறங்கிய பெரிய அமெரிக்க வண்டி. முன் சீட்டில் மூன்று பேர், பின்னால் ஒரு குடும்பம், டிக்கியில் அவர்கள் பாத்திரம் பண்டம் எல்லாம் போகும். தொழில் நின்றபிறகு முதலாளி அதைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். இப்போது மகள் காவ்யாவுக்கு மலைமேல் கல்யாணம். அவரும் யசோதாம்மாவும் தங்கள் கல்யாணத்தன்று அந்த வண்டியில்தான் மலையிலிருந்து இறங்கினார்களாம். மகளும் மாப்பிள்ளையும் அதே வண்டியில் இறங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

இஞ்சினில் குறையில்லை. பிரேக்கைச் சரிசெய்தாகிவிட்டது. முன் சக்கரங்கள்தான் குடித்தவன் மாதிரி தள்ளாடின. பால் ஜாயிண்ட் தேய்ந்துபோயிருந்தது.

சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைக்கு ஆர்ம் என்று பெயர். அந்தக் கையும் சக்கரமும் சேருகிற மூட்டுதான் பால் ஜாயிண்ட். நம் தோள்மூட்டு மாதிரி, குமிழும் அதைச் சுற்றி ஒரு கிண்ணமும். மற்ற வண்டிகளில் அதை நாலு போல்ட் போட்டு இறுக்குவார்கள். இந்த டாட்ஜின் மேல் ஆர்மில் போல்ட்டே கிடையாது. ஜாயிண்டின் உடம்பைச் சுற்றி மரை வெட்டியிருக்கும். பாட்டில் மூடியைத் திருகுவது போல ஆர்முக்குள் அதைத் திருகி ஏற்றவேண்டும். ஆர்மில் இருக்கும் மரை அதைக் கவ்விக்கொள்வது ஒன்றுதான் பிடிப்பு. முதல் சுற்றுகள் கையாலேயே சுலபமாக வரவேண்டும், போகப்போக இறுகவேண்டும், கடைசியில் ஸ்பேனரில் பைப்பைச் சொருகி இரண்டு ஆள் தொங்கினாலும் அசையக்கூடாது. ஆர்மின் மரை தேய்ந்திருந்தால் கவ்வாது. மலைப்பாதை வளைவில் பிரேக் பிடிக்கும்போது அது கழன்றால் சக்கரம் படுத்துவிடும். அதற்குப் பிறகு வண்டி பள்ளத்துக்குப் போவதை யாராலும் தடுக்கமுடியாது.

புது ஜாயிண்டுகளை முதலாளியின் மகன் சுதீர் அமெரிக்காவில் வாங்கி, ஊருக்கு வந்த நண்பனிடம் கொடுத்து அனுப்பியிருந்தான். அங்கே கிடைக்கிறது, இங்கே கிடைக்காது. அதைத் திருகுகிற அளவுக்கு அகலமான ஸ்பேனர் திருப்பதியில் யாரிடமும் இல்லை, நான்தான் லேத்தில் கடைந்து கொடுத்தேன்.

பழைய ஜாயிண்டுகளைக் கழற்றியதும் சம்பத் ஆர்முக்குள் விரலை விட்டுத் தடவினான். இடது பக்கம் நன்றாக இருந்தது. வலது பக்கத்தில் டாக்சி நாட்களில் யாரோ ஒரு புண்ணியவான் ஜாயிண்டை வெல்டிங் வைத்து, பிறகு உளியால் வெட்டி எடுத்திருந்தான்.

“இந்தப் பக்கம் பல்லு போய்க்கினு கீது, மொதலாளி,” என்றான். “ஆர்மையே மாத்தணும்.”

“சுதீர் தேடாத எடமில்லப்பா. பழைய பண்டிங்கள ஒடைக்கிற எடத்துலகூட ஆர்ம் கெடைக்கலையாம். வெல்டிங் வெச்சுடேன்,” என்றார் முதலாளி. எங்கள் பக்கத்துப் பேச்சில் வண்டி என்பது பண்டி.

“வெல்டிங் வெச்சா உள்ள கீற கிரீஸ் வெந்துபூடும், ஜாயிண்டே செத்துபூடும். மரை கவ்வுதான்னு பாக்கலாம். புது ஜாயிண்டு மரை கூர்மையா கீது, கவ்வுனாலும் கவ்வும். ஏத்தும்போது கைக்குத் தெரிஞ்சிடும். எறுக்கமா வந்தா பண்டிய எடுங்க. லூசா வந்தா தொடாதீங்க.”

முதலாளி தலையாட்டினார். இறுகினால் டாட்ஜ், இறுகாவிட்டால் சுமோ என்று எங்கள் முன்னால் ஒப்புக்கொண்டார்.

வியாழக்கிழமை ஜாயிண்ட் மாட்டுகிற வேலை. கல்யாண வண்டிக்கு மாட்டுகிற சாமான் என்பதால் நல்ல நேரத்தில் கை வைக்கவேண்டும் என்று யசோதாம்மா தாம்பாளத்தோடு ஷெட்டுக்கு வந்துவிட்டார். தேங்காய், கற்பூரம், மஞ்சள், சந்தனம், குங்குமம். பொதுவாக இந்த மாதிரிச் சடங்குகள் எனக்குப் பிடிக்கும், கடைசியில் தேங்காய் மூடி எனக்குத்தான் வரும். அந்த அம்மா புது ஜாயிண்ட் ஒன்றை எடுத்து மணைமேல் வைத்தார். கலசத்துக்குப் பூசுவது போல மஞ்சளையும் சந்தனத்தையும் குழைத்து அதன் உடம்பு முழுக்கச் சுற்றிலும் பூசினார். மரைக்குள்ளெல்லாம் விரலால் அழுத்தி நிரப்பினார். மேலே குங்குமப் பொட்டு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சம்பத் வழக்கம்போல மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தான். மரையைத் துடைக்காமல் அவன் எதையும் திருகியதில்லை.

“ஐயையோ, வத்து, வத்து!” வேண்டாமென்று யசோதாம்மா அவன் கையைத் தள்ளினார். “கல்யாணப் பொண்ணு பண்டிப்பா. வெச்ச மஞ்சளைத் தொடைப்பாங்களா யாராவது?”

சம்பத் என்னைப் பார்த்தான். நான் தேங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் துணியைக் கீழே போட்டுவிட்டான்.

முதலில் வலது பக்கம்தான் மாட்டவேண்டும் என்பதும் அந்த அம்மாவின் உத்தரவு. ராகு காலம் தொடங்குவதற்குள் ஜாயிண்டை ஆர்மில் பொருத்தி ஒரு சுற்றுத் திருகி நிறுத்தினான். ராகு காலம் முழுக்க வேலையைத் தொடக்கூடாது. நாங்கள் சாப்பிட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வெயிலில் காய்ந்தோம். மஞ்சளும் சந்தனமும் எங்களோடு சேர்ந்து காய்ந்தன.

பிறகு திருகினோம். கையால் வரவில்லை. ஸ்பேனரைப் போட்டான், கஷ்டப்பட்டு வந்தது. பைப்பைச் சொருகி நானும் தொங்கினேன். கிறீச் கிறீச்சென்று நகர்ந்து, கடைசியில் அப்படியே நின்றுவிட்டது.

“கவ்விக்கிச்சிண்ணா!” என்று சம்பத் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆர்ம் தேட வேண்டியதில்லை, முதலாளியோடு வாதாட வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை கிளம்பவேண்டியதுதான் பாக்கி. இடது பக்கத்தை மண்ணெண்ணெயில் துடைத்து மாட்டினான். அது முதல் சுற்றுகளில் வழுக்கிக்கொண்டு வந்து, முறைப்படி இறுகியது. இரண்டும் ஏன் வேறுவேறு மாதிரி வந்தன என்று அவன் யோசிக்கவில்லை. நானும் லேத்தில் நாளெல்லாம் மரை வெட்டுகிறவன்தான், எனக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் டாட்ஜ் பெண்ணை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனது. சத்தமில்லை, ஆட்டமில்லை. நானும் கல்யாணக் கூட்டத்தோடு பஸ்ஸில் போனேன். சம்பத்தால் வரமுடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் மெட்ராஸ் பஸ் ஏறினான். தேன்மொழி பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. வாசலிலேயே, “போய்ச் சேந்ததும் போன் பண்ணு மாமா,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

பஸ்ஸில் நடந்ததை அவன் பிறகு எனக்குச் சொன்னான். ஜன்னலோரம் உட்கார்ந்தான், முடியவில்லை. நடு வரிசைக்குப் போனான். பிறகு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வடமாலப்பேட்டை தாண்டியதும் விசா இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியிருக்கிறது. இருபது தடவை பேக்கைத் தொட்டுப் பார்த்தாயிற்று, ஒரு தடவை திறந்தே பார்த்தால் என்ன? பாஸ்போர்ட்டைத் திறந்தான். பக்கங்கள் பிரியவில்லை. மூலையில் வைத்த மஞ்சள் காய்ந்து இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்திருந்தது. கிழிந்துவிடப்போகிறது என்று பயந்து நகத்தால் மெல்ல நெம்பினான். பட்டென்று விட்டது. புது பேண்ட்டின்மேல் மஞ்சள் தூளாகக் கொட்டியது.

அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தது, விட்டவுடன் வெறும் தூள்.

அந்தத் தூளைத் தொட்டதும் வியாழக்கிழமை ஜாயிண்டைத் திருகியது அவன் கைக்கு நினைவு வந்துவிட்டது. முதல் சுற்றிலேயே இறுகியதே, அப்படி இறுகக்கூடாதே? தேய்ந்த மரை எப்படி முதல் சுற்றில் இறுகும்? கிறீச்சிட்டது இரும்பா, சந்தனமா? ஆர்ம் கவ்வவே இல்லை, காய்ந்த மஞ்சள்தான் கவ்வியது. இந்தத் தாள் மாதிரி. சக்கரம் நாலு வளைவில் உதறினால் உள்ளே எல்லாம் தூளாகிவிடும். ஏறும்போது பரவாயில்லை, வண்டியின் பாரம் பின்னால் இருக்கும். இறங்கும்போது பிரேக் பிடித்துப் பிடித்து மொத்த பாரமும் முன் சக்கரத்தில்தான் விழும். அதில் உட்கார்ந்திருக்கப்போவது பெண்ணும் மாப்பிள்ளையும்.

“ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிக்கினே இருந்தேண்ணா,” என்றான். “நாப்பது வருசம் ஓடுன பண்டி, இன்னும் ஒரு தடவ எறங்காதான்னு. அந்தம்மாதான தொடைக்க வுடல, எனக்கின்னான்னு. சாமி மலையாச்சே, சாமி பாத்துக்கும்னு. எல்லாத்தையும் சொல்லிப் பாத்துட்டேன். கை ஒத்துக்கல.”

புத்தூரில் பஸ் நின்றதும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி முதலாளி வீட்டுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் யார் இருப்பார்கள்? எல்லோரும் மலைமேல். நாங்கள் எந்தச் சத்திரத்தில் தங்கியிருந்தோம் என்பதும் அவனுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு காலைப் படியில் வைத்தான். இன்னொரு கால் தரையைவிட்டு எழவில்லை.

“எக்குதாவா, லேதா?” ஏறுகிறாயா இல்லையா என்று கண்டக்டர் கத்தினார்.

“பேக்கைக் குடுங்க,” என்றான் சம்பத்.

மலைமேல் எங்களுக்கு முகூர்த்தம் நல்லபடி முடிந்திருந்தது. சாப்பாடு முடிந்து, பெண்ணை அனுப்புகிற அழுகையும் ஒரு சுற்று முடிந்து, எல்லோரும் சத்திரத்து வாசலில் நின்றோம். மலைமேல் பூவெல்லாம் சாமிக்குத்தான் என்பதால் டாட்ஜில் பூ இல்லை, மாவிலைத் தோரணமும் குங்குமமும்தான். காவ்யாவும் மாப்பிள்ளையும் பின் சீட்டில் உட்கார்ந்தாகிவிட்டது. நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். பழைய டாக்சி டிரைவர் கங்கையா புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, கற்பூரம் காட்டி முடிப்பதற்காகக் காத்திருந்தான்.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஒருத்தன் பேக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி ஓடி வந்தான். புது பேண்ட், புது ஷூ, உடம்பெல்லாம் வியர்வை. எனக்கு ஒரு நொடி ஆள் புரியவில்லை. சம்பத் அந்நேரம் மெட்ராஸில் இருக்கவேண்டியவன். மலைமேல் சத்திரம் சத்திரமாக ஓடி டாட்ஜைத் தேடியிருக்கிறான்.

“பண்டிய எடுக்காதீங்க! கங்கையா, நிறுத்து! எடுக்காத!”

ஓடி வந்தவன் நேராக வலது முன் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தான். அடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தூர வீசினான். கூட்டத்தில் நாலைந்து பெண்கள் ஐயோ என்றார்கள். கங்கையா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “பிச்சா நீக்கு? பைத்தியமா புடிச்சிக்கீது? மெட்ராஸ் போனவனுக்கு இங்க இன்னா வேல?” என்று சத்தம் போட்டான்.

ஜெயச்சந்திரன் முகம் சிவந்துவிட்டது. “சம்பத்து, ஏறி உக்காந்த பொண்ணு இது. கற்பூரம் ஏத்தியாச்சு. எதுவானாலும் கீழ போய்ப் பேசிக்கலாம், எந்திரி.”

“கீழ போனா பேசறதுக்கு ஆளு இருக்கமாட்டாங்க மொதலாளி. வலது பக்கத்து ஜாயிண்டு நிக்கல.”

“நீதான இறுகிச்சின்னு சொன்ன?”

“சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். பொண்ண எறக்குங்க.”

எறக்கு என்ற வார்த்தை கேட்டதும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்கிறான் என்று அவன் காலரைப் பிடித்தார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து விலக்கினேன். சம்பத்துக்கு ஆயிரம் குறை சொல்லலாம், நானே சொல்வேன். ஆனால் குவைத் விமானத்தை விட்டுவிட்டு விளையாடுவதற்காக மலை ஏறி வருகிறவன் அல்ல அவன்.

எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது பின் கதவு திறந்தது. காவ்யா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கினாள்.

“நான் எறங்கிட்டேன் நைனா. அவரு பாக்கட்டும்,” என்றாள். மாப்பிள்ளையும் மறுபக்கம் இறங்கி நின்றார்.

டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்து நானும் சம்பத்தும் வண்டியைத் தூக்கினோம். சக்கரத்தைக் கழற்றினான். ஸ்பேனரைத் தேடவில்லை. ஆர்முக்குள் இருந்த ஜாயிண்டை வெறும் கையால் பிடித்துத் திருப்பினான். வியாழக்கிழமை நானும் அவனும் பைப்பில் தொங்கித் தொங்கி ஏற்றிய ஜாயிண்ட் அது. பாட்டில் மூடி மாதிரித் திரும்பியது. இடுக்கிலிருந்து மஞ்சள் தூள் அவன் உள்ளங்கையில் கொட்டியது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யசோதாம்மா குனிந்து அவன் உள்ளங்கையைப் பார்த்தார். அது தன் கையால் குழைத்த மஞ்சள் என்பது அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தார்.

“நீங்க இல்லம்மா,” என்றான் சம்பத். “நீங்க பூசுனது சரிதான். தொடைக்காம வுட்டது நானு. ஊருக்குப் போற அவசரத்துல வுட்டுட்டேன்.”

பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு வாடகை சுமோவில் இறங்கினார்கள். கிளம்பும்போது ஜெயச்சந்திரன் சம்பத்திடம் வந்து நின்றார். அவன் பேக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பாஸ்போர்ட் வைத்த பிளாஸ்டிக் கவரைத் தொட்டு, “பிளேனு?” என்று மட்டும் கேட்டார். சம்பத் மலைக்கு அந்தப் பக்கம் வெயிலைப் பார்த்தான். மத்தியானம் போயே போய்விட்டிருந்தது.

“அது போவும், மொதலாளி. வேற ஆளு கீறாங்க,” என்றான்.

அன்று சாயங்காலம் அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். தேன்மொழி குழாயடியில் குடத்தோடு நின்றாள். பேக்கோடு வந்தவனைப் பார்த்ததும் குடத்தை அங்கேயே விட்டுவிட்டாள், தண்ணீர் வழிந்து ஓடியது. அவன் உள்ளே போய்விட்டான். நடந்ததையெல்லாம் நான்தான் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“பாவம்ணா அது. எத்தினி வருசமா ஆசப்பட்டுக்கினு இருந்துச்சி,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா எனக்கு சந்தோசமா கீதுண்ணா. இப்ப போயி சந்தோசப்பட்டா அது பாவமாண்ணா?” என்று கேட்டாள். நான் குழாயை மூடிவிட்டு வந்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஏஜெண்ட் அவன் இடத்தில் இன்னொருவனை அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை தடவை போய்க் கேட்டும் அடுத்த விசா வரவில்லை. சம்பத் ஒரு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பழைய வண்டி உடைக்கிற இடங்களாகத் தேடி மெட்ராஸ், வேலூர், சித்தூர் என்று அலைந்தான். வேலூரில் ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால் கிடந்த இன்னொரு டாட்ஜிலிருந்து வலது பக்கத்து ஆர்மைக் கழற்றிக்கொண்டு வந்தான். அதை மாட்டுகிற அன்று யசோதாம்மா மறுபடி ஷெட்டுக்கு வந்தார். இந்தத் தடவை கையில் தாம்பாளமில்லை. மண்ணெண்ணெய் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, அவன் மரையைத் துடைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். ஜாயிண்ட் முதல் சுற்றுகளில் வழுக்கிக்கொண்டு வந்தது, பிறகு இறுகியது. டாட்ஜ் இன்றைக்கும் ஓடுகிறது.

சம்பத் எங்கேயும் போகவில்லை. உட்காரவும் இல்லை. டீயை நின்றுதான் குடிக்கிறான், கால் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது, பஸ் ஹாரன் கேட்டால் இப்போதும் ஸ்பேனர் நின்றுவிடும். மனசு மாறித் திருந்திவிட்டான் என்றெல்லாம் நான் கதை கட்டமாட்டேன்.

ஒரு முத்திரையும் விழாமலே அந்த பாஸ்போர்ட் காலாவதியானது. அந்த வாரமே ஐதராபாத் பாஸ்போர்ட் ஆபீசுக்கு எழுதிப்போட்டுப் புதிது வாங்கினான். தபாலில் வந்த அன்று நானும் அவன் வீட்டில் இருந்தேன்.

“இப்ப எங்க போவப்போற மாமா?” என்று தேன்மொழி கேட்டாள்.

“எங்கியும் இல்ல. சும்மா இருக்கட்டும்.”

அவள் பழக்கதோஷத்தில் மஞ்சள் கிண்ணத்தை எடுத்து வந்துவிட்டாள். வந்தபிறகுதான் நினைவு வந்து, வைப்பதா வேண்டாமா என்று கையோடு நின்றாள். சம்பத் பாஸ்போர்ட்டை விரித்து அவள் முன்னால் நீட்டினான்.

“வையி, வையி. இதுல இன்னா மரையா கீது?”

நாலு மூலையிலும் வைத்தாள். அவன் அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய், தாள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு பக்கத்தையும் விரித்துப் பிடித்து, மஞ்சள் காய்கிறவரை ஊதிக்கொண்டு நின்றான். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்த ஒரு தடவை அவன் திரும்பிப் பார்க்கவில்லை, கால்கூட ஆடவில்லை.